மடக்குக்கத்தி சேகரிப்பு: பழையதும் கையால் செய்ததும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடக்குக்கத்தி சேர்க்கத் தொடங்குகிற எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களுக்கு அடியில் ஒரே ஒரு கருத்து ஓடுகிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தவரின் கையை விட்டுப் போனபோது ஒரு கத்தி எப்படி இருந்ததோ, அதிலிருந்து எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறதோ அவ்வளவு மதிப்பு அதற்கு. பளபளப்பைப் பார்த்து மயங்குகிறவர்களால்தான் நல்ல கத்திகள் பல பாழாகின்றன.

மரபான மடக்குக்கத்தி என்று எதைச் சொல்கிறோம்?

பூட்டு இல்லாமல், வில்லின் அழுத்தத்தால் மட்டுமே அலகு நிற்கிற கத்தியைத்தான் முதலில் சொல்கிறோம். ஸ்லிப்ஜாயின்ட் என்று பெயர். பிடியின் முதுகுப் பக்கம் நீளமாக ஒரு எஃகு வில் ஓடும். அது அலகின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டே இருப்பதால், திறந்தால் திறந்தபடி, மூடினால் மூடியபடி அலகு நிற்கிறது. திறப்பதற்கு அலகில் ஒரு நகக்குழி இருக்கும். நகத்தை வைத்து இழுக்க வேண்டும். பிடிக்கு எலும்பு, கொம்பு, மரம், முத்துச்சிப்பி. பிடியின் முனைகளில் போல்ஸ்டர் என்கிற உலோகக் காப்பு. உள்ளே பித்தளை அல்லது இரும்புத் தகடு. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ஆணிகள்.

எல்லையை ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஜப்பானின் மிகி நகரத்தில் 1890களில் இருந்து செய்யப்படும் ஹிகோனோகாமியில் வில்லே கிடையாது, உராய்வில்தான் அலகு நிற்கிறது. பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் தொடங்கிய ஓப்பினலில் 1955இல் சுழலும் வளையப் பூட்டு வந்தது. இரண்டையும் மரபான கத்தி இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

பழைய கத்திகள் என்றால் எந்த ஊர்களைத் தேட வேண்டும்?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்து தொடங்கலாம். கத்தி செய்பவர்களுக்கான சங்கம் அங்கே 1624இல் சட்டத்தின் மூலம் அமைந்தது. யார் எந்த முத்திரையைக் குத்தலாம் என்பதை அது கட்டுப்படுத்தியது, அதனால்தான் இன்றைக்கும் முத்திரையை வைத்து ஆளைத் தேட முடிகிறது. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த முத்திரை 1682இல் பதிவானது. அதே நிறுவனம் 1822இல் 1,822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியையே செய்து காட்டியது. ஜார்ஜ் வோஸ்டென்ஹோமின் ஐ*எக்ஸ்எல் முத்திரைக்கு அமெரிக்காவில் பெரிய மவுசு இருந்தது. ஷெஃபீல்டில் 'லிட்டில் மெஸ்டர்' என்று அழைக்கப்பட்ட தனிக் கைவினைஞர்கள் சின்னப் பட்டறைகளில் வேலை செய்தார்கள். அந்த வரிசையில் கடைசிப் பெரியவர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட ஸ்டான் ஷா 1926இல் பிறந்து 2021இல் காலமானார். சிறுவயதில் பட்டறைக்குள் நுழைந்தவர், முதுமை வரை கத்தி செய்தார்.

ஜெர்மனியில் ஸோலிங்கன். அந்த ஊர்ப் பெயரைக் கத்தியில் போடும் உரிமை 1938 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. பிரான்சில் தியெர் நகரமும் லாகியோல் கிராமமும். லாகியோல் கத்தியின் தொடக்கத்தை 1829 என்று சொல்வார்கள். வில்லின் தலையில் தேனீ உருவம் இருக்கும் அந்த ஒல்லியான கத்தியை எளிதாக அடையாளம் காணலாம். ஆனால் அந்தப் பெயரை உலகம் முழுக்க யார் யாரோ போட்டு விற்கிறார்கள். பெயரைப் பார்த்து மட்டும் லாகியோல் வாங்காதீர்கள். பட்டறையின் பெயர் தெரிய வேண்டும். இத்தாலியில் மானியாகோவும் ஸ்கார்பெரியாவும் இருக்கின்றன, சார்தீனியாவின் பட்டாடா கத்திக்கு ஒரு தனி அழகு உண்டு. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் 1884இல் பட்டறை தொடங்கி, 1897இல் ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். அந்தப் பழைய சுவிஸ் கத்திகளை மட்டும் சேர்க்கிற ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது.

அமெரிக்காவில் பெயர்கள் ஏராளம். வால்டன் நகரத்து நியூயார்க் நைஃப் கம்பெனி 1931இல் மூடப்பட்டது. ரெமிங்டன் 1920 முதல் 1940 வரைதான் கத்தி செய்தது, ஆனால் அந்த இருபது ஆண்டுக் கத்திகளுக்கு இன்றும் போட்டி. பிடியில் தோட்டா வடிவப் பதக்கம் பதித்தவற்றை 'புல்லட்' கத்தி என்கிறார்கள். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ் நிறுவனம் இன்னும் இயங்குகிறது. 2006இல் டைட்டஸ்வில்லில் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி, பழைய முறையிலேயே கார்பன் எஃகு அலகுகளோடு கத்தி செய்து தனக்கென்று ஒரு சேகரிப்பாளர் வட்டத்தை உண்டாக்கிவிட்டது.

வடிவங்களுக்கு இத்தனை பெயர்கள் எதற்கு?

ஒவ்வொன்றும் ஒரு வேலைக்குப் பிறந்தது. ஸ்டாக்மேனில் மூன்று அலகுகள். அவற்றில் மொட்டை முனை கொண்ட ஸ்பே அலகு கால்நடைகளுக்குக் காயடிக்க, முனை குத்திவிடாமல் இருப்பதற்காக அப்படி அமைந்தது. டிராப்பரின் இரண்டு நீண்ட அலகுகள் விலங்குத் தோல் உரிக்க. நேரான வெட்டு விளிம்பும் கீழ்நோக்கி வளைந்த முதுகும் கொண்ட ஷீப்ஸ்ஃபுட் அலகு கப்பலில் கயிறு அறுப்பவர்களுக்குப் பிடித்தது. ஆடுகிற கப்பலில் கூர்முனை ஆபத்து. பேனாக்கத்தியின் சின்ன அலகு இறகுப் பேனா சீவத்தான். பார்லோவில் போல்ஸ்டர் நீளமாக இருக்கும், மலிவான கத்திக்கும் அது நல்ல பலம் தந்தது. இவை தவிர காங்கிரஸ், விட்லர், கேனூ, சன்ஃபிஷ், பீனட் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், கையில் வரவர பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குகிறேன். முதலில் எதை வாங்கலாம்?

இப்போது தயாரிப்பில் இருக்கும் ஒரு நல்ல ஸ்லிப்ஜாயின்ட்டைப் புதிதாக வாங்குங்கள். பழையதைத் தேடுவது அதற்குப் பிறகு. புதிய கத்தியில் எல்லா உறுப்பும் அளவாக இருக்கும்: அலகு முழுசு, வில் இறுக்கம், நகக்குழி இருக்க வேண்டிய இடத்தில். சில மாதம் அதைத் திறந்து மூடிப் பழகினால், குறை உள்ள பழைய கத்தியைக் கை தானாகக் கண்டுபிடித்துவிடும். அளவு தெரியாதவருக்குத் தேய்ந்த கத்தியும் முழுக்கத்தி போலத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரே நிறுவனம், ஒரே வடிவம், ஒரே பிடிப் பொருள், ஒரே ஊர், எதுவாகவும் இருக்கலாம். பார்த்ததை எல்லாம் வாங்கியவர்களிடம் பெட்டி நிறையக் கத்திகள் இருக்கும், ஒன்றைப் பற்றியும் ஆழமாகத் தெரியாது. ஒரே வடிவத்தைப் பத்து பட்டறைகள் எப்படிச் செய்தன என்று பார்ப்பதில் இருக்கும் படிப்பு வேறு எதிலும் கிடைக்காது.

பழைய கத்தியைக் கையில் எடுத்தால் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் அலகில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். சேகரிப்பில் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் அலகு கொஞ்சம் குறைகிறது. நகக்குழிக்கும் வெட்டு விளிம்புக்கும் நடுவே இடம் குறுகியிருந்தால் அலகு தேய்ந்தது. முனையின் வளைவு வடிவத்துக்குப் பொருந்தாமல் மெலிந்திருந்தாலும் அப்படியே. பல அலகுக் கத்தியில் பெரிய அலகு தேய்ந்து சின்ன அலகு முழுசாக இருப்பது வழக்கம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டாலே கதை தெரிந்துவிடும். அந்தக் காலத்து விலைப்பட்டியல் படங்கள் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன, அவற்றில் இருக்கும் உருவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அலகின் மேல் அமிலத்தால் பொறித்த எழுத்து இன்னும் படிக்கும்படி இருந்தால் அந்தக் கத்தி அதிகம் புழங்கவில்லை என்று நம்பலாம், ஏனென்றால் முதலில் அழிவது அதுதான்.

அடுத்தது, மூடிய நிலையில் அலகின் முனை. அது பிடித் தகடுகளுக்குள் ஒளிந்திருக்க வேண்டும். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் உடைந்த முனையை யாரோ புதிதாகத் தீட்டியிருப்பார்கள். நீட்டிய முனையை மறைக்க இன்னொரு தந்திரமும் உண்டு. அலகு மூடும்போது வில்லில் முட்டி நிற்கிற சின்ன மேடு ஒன்று அடிப்பாகத்தில் இருக்கும். அதை அராவினால் அலகு இன்னும் ஆழமாக உள்ளே போகும். அப்போது நகக்குழியில் பாதி தகட்டுக்குள் மறைந்துவிடும், அல்லது விளிம்பு வில்லில் இடித்து மழுங்கும்.

மூன்றாவது, இயக்கம். மெதுவாகத் திறந்து, மெதுவாக மூடுங்கள். அலகு நகரும் விதத்தையும் வந்து உட்காரும்போது எழும் சத்தத்தையும் சேர்த்துச் சேகரிப்பாளர்கள் 'வாக் அண்ட் டாக்' என்பார்கள். நல்ல கத்தியில் இரண்டு பக்கமும் தெளிவான ஒரு 'டக்' கேட்கும். சிலவற்றில் பாதித் திறப்பில், அலகு பிடிக்குச் செங்குத்தாக இருக்கையில் ஒரு நிறுத்தம் இருக்கும். அது கோளாறு கிடையாது. அலகின் அடிப்பாகத்தைச் சதுரமாக வெட்டியிருப்பதால் வில் அங்கேயும் தட்டையாக உட்கார்கிறது. பாதி வழியில் எண்ணெய் இல்லாத சொரசொரப்பு இருந்தால் சரிசெய்யலாம். வில் சோம்பலாக இருந்து, அலகு எந்த வேகமும் இல்லாமல் தொளதொளவென்று விழுந்தால், அதைக் கத்தியைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது. பிரித்தால் அது பழைய கத்தி இல்லை.

பிறகு அலகைத் திறந்து வைத்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். முதுகைக் கண்ணுக்கு நேராக வெளிச்சத்தில் பிடியுங்கள், வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? ஆணிகளைச் சுற்றி எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா? நூறு ஆண்டுக் கத்தியில் ஓரிரு விரிசல் பெரிய குற்றம் ஆகாது, ஆனால் விலையில் தெரிய வேண்டும். கடைசியாகத்தான் முத்திரை. பலர் முத்திரையில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். விற்கிறவர்களுக்கும் அது தெரியும்.

முத்திரையை வைத்துக் காலத்தைக் கணிக்க முடியுமா?

நிறைய முடியும். சான்றாகக் கேஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கேஸ் டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்' என்றிருந்தால் 1920 முதல் 1940 வரை. வெறும் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' 1940 முதல் 1964 வரை. அதோடு யு.எஸ்.ஏ. சேர்ந்தால் 1965 முதல் 1969. 1970இல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். 1980இல் மறுபடி பத்தில் தொடங்கினார்கள், ஆனால் அப்போது 'எஸ்' எழுத்து மின்னல் போல வளைந்திருக்கும். வடிவ எண்ணும் பேசும்: 6254 என்றால் 6 எலும்புப் பிடி, 2 அலகு, 54 டிராப்பர் வடிவம்.

பொதுவான அடையாளங்களும் உண்டு. அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த சுங்கச் சட்டத்தால், 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. அதனால் ஷெஃபீல்டு என்பதோடு இங்கிலாந்து என்றும் குத்தியிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. இதைத் தலைகீழாகப் பயன்படுத்தாதீர்கள். நாட்டின் பெயர் இல்லை என்பதால் மட்டும் பழையது ஆகிவிடாது. உள்நாட்டில் விற்ற கத்திக்கு அந்தக் கட்டாயமே இல்லை. வி.ஆர். என்ற அரச எழுத்துகள் விக்டோரியா காலத்தைக் காட்டும், அதாவது 1901க்கு முன்.

அலகின் எஃகும் சாட்சி சொல்லும். துருப்பிடிக்காத எஃகு ஷெஃபீல்டில் உலோகவியலாளர் ஹாரி பிரியர்லியின் கைக்கு வந்தது 1913இல். 1880களின் கத்தி என்று சொல்லி ஒருவர் 'ஸ்டெயின்லெஸ்' முத்திரையோடு எதையாவது நீட்டினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நிறுவனத்தின் பெயர் தொடர்ந்து வருவதையும் நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் பழைய ஷ்ரேட் தொழிற்சாலை 2004இல் மூடப்பட்டது, கமில்லஸ் 2007இல். பெயர்கள் கைமாறி, இப்போதும் அந்தப் பெயர்களில் கத்திகள் வருகின்றன. பெயர் ஒன்றுதான், பட்டறை வேறு.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுப் போலியைவிட ஒட்டுக்கத்திதான் அதிகம். ஒன்றின் அலகு, இன்னொன்றின் பிடி, வேறெங்கோ எடுத்த பதக்கம். இவற்றைப் பிடிக்க ஒரே கேள்வி போதும்: எல்லா உறுப்பும் ஒரே அளவு வயதாகியிருக்கின்றனவா? போல்ஸ்டரில் கீறலும் பள்ளமுமாக இருக்கையில், பக்கத்து எலும்பின் வரிவெட்டுகள் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால், பிடி புதியது. ஆணித் தலைகள் மட்டும் பளிச்சென்று இருந்தால் கத்தி பிரிக்கப்பட்டிருக்கிறது. அலகு பளபளக்கிறது, ஆனால் வில்லின் உள்பக்கம் கறுத்துத் துருவேறியிருக்கிறது என்றால் அலகை இயந்திரத்தில் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த அலகில் முத்திரை எழுத்துகளின் விளிம்பு உருண்டிருக்கும், பளபளப்புக்கு அடியில் துருக்குழிகளின் அடித்தடம் தெரியும்.

முத்திரையையே மாற்றிக் குத்துகிறவர்களும் உண்டு. பழைய எழுத்தை அராவி எடுத்தால் அந்த இடம் மெலிந்துவிடும். அலகுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கக் கூடாத இடைவெளி வரும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். புற ஊதா விளக்கும் உதவும். உண்மையான எலும்பும் தந்தமும் அதில் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும், நவீன பசையும் விரிசலை நிரப்பிய பிசினும் வேறு மாதிரித் தெரியும். சூடான ஊசியால் பிடியைக் குத்திப் பார்க்கும் பழைய சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஓட்டை என்றைக்கும் இருக்கும். பிடி செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

செல்லுலாய்டு ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது?

அது அழியும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அழிக்கும். நைட்ரோசெல்லுலோஸில் செய்த பிளாஸ்டிக் அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தொடங்கி இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை ஏராளமான கத்திகளுக்கு அதுதான் பிடி. ஆமையோடு, முத்துச்சிப்பி, வண்ணச் சுழிகள் என்று எதைப் போலவும் செய்ய முடிந்தது. அவற்றில் சில பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வயதானால் சிலவற்றில் இருந்து அமில ஆவி கசியத் தொடங்கும். பிடி சுருங்கும், வெடிக்கும், பச்சை படியும், அலகு உள்ளிருந்தே துருவேறும். நல்ல நிலையில் இருந்த கத்திகூட மூடிய பெட்டிக்குள் சில மாதங்களில் கெட்டுப்போகும்.

எந்தக் கத்தி எப்போது கசியத் தொடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் செல்லுலாய்டு கத்திகளை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. காற்றோட்டமான, குளிர்ச்சியான, வெயில் படாத இடத்தில் தனித்தனியாக வையுங்கள். அடிக்கடி எடுத்துப் பாருங்கள். கற்பூரத்தை நினைவூட்டும் வாசனை செல்லுலாய்டுக்கு இயல்பு. மூக்கைக் குத்தும் புளித்த நெடி வந்தால் அந்தக் கத்தி போகத் தொடங்கிவிட்டது.

மற்ற பிடிப் பொருட்கள்?

மாட்டெலும்பில் வரிவெட்டு போட்டுச் சாயம் ஏற்றியதுதான் பெரும்பான்மை. வெட்டு முறையை வைத்தே காலத்தையும் நிறுவனத்தையும் சொல்பவர்கள் உண்டு. மான்கொம்பு என்றால் கடமான் கொம்பைத்தான் அதிகம் விரும்புவார்கள். இந்தியா 1990களின் இறுதியில் அதன் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, பழைய இருப்பின் மதிப்பு ஏறியது. முத்துச்சிப்பி அழகானது, ஆனால் கீழே போட்டால் அவ்வளவுதான். யானைத் தந்தமும் ஆமையோடும் சர்வதேச வணிகத் தடைக்கு உட்பட்டவை. பழையது என்று சொல்லி எல்லை தாண்டி அனுப்பினால் பறிமுதல் ஆகலாம். ஆவணம் இல்லாமல் தொடாதீர்கள்.

பழைய கத்தியைச் சுத்தம் செய்யலாமா?

அழுக்கை எடுக்கலாம், வயதை எடுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

கார்பன் எஃகில் காலப்போக்கில் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு படலம் வரும். அது கெடுதல் செய்யாது, அடியில் இருக்கும் எஃகைக் காக்கவும் செய்கிறது. செம்பழுப்பு நிறத்தில், விரலில் ஒட்டுகிற பொடியாக இருப்பது உயிரோடு இருக்கும் துரு. அதை நிறுத்தியாக வேண்டும். கனிம எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியாலோ மரக்குச்சியாலோ மெதுவாகத் தேய்த்து எடுங்கள். பிடிவாதமான இடத்தில் செப்பு நாணயத்தின் விளிம்பு உதவும், அது எஃகைவிட மென்மையானது. மூட்டில் சேர்ந்த குப்பைக்கு ஒரு சொட்டு எண்ணெய், பலமுறை திறந்து மூடுதல், கறுத்து வரும் எண்ணெயைத் துடைத்தல். தெளிவாக வரும் வரை திரும்பச் செய்யுங்கள்.

எலும்பு, தந்தம், கொம்புப் பிடிகளைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். மணல்தாள் வேண்டாம். சுழலும் பாலிஷ் சக்கரம் வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிடச் சக்கர வேலை முத்திரையை மழுக்கும், பொறிப்பை அழிக்கும், விளிம்புகளை உருட்டிவிடும். போனது போனதுதான். முன்பு யாராவது தேய்த்திருந்தால் அதை நீங்கள் மேலும் தேய்த்துச் சமன் செய்யவும் முயலாதீர்கள்.

எங்கே, எப்படி வைப்பது?

உலர்ந்த இடம், மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அல்லது நுண்மெழுகு. பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகத்தில் 1950களில் உருவான ரெனைசான்ஸ் மெழுகு இதற்கு நல்லது. தோல் உறைக்குள் நீண்ட நாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனம் எஃகையும் பித்தளையையும் அரிக்கும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். மூடிய நிலையில் வைத்தால்தான் வில்லுக்கு அழுத்தம் குறைவு. பாதி திறந்து வைக்கும் காட்சிப் பழக்கம் அழகாக இருந்தாலும் வில்லுக்கு நல்லதில்லை.

தனிக் கைவினைஞர் செய்த கத்தி ஏன் அவ்வளவு விலை?

ஸ்லிப்ஜாயின்ட் பார்க்க எளிமையானது, செய்யக் கடினமானது. நல்ல கத்தியைத் திறந்த நிலையிலும், பாதி நிலையிலும், மூடிய நிலையிலும் முதுகில் விரலை ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் வில் தகடுகளோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இதற்காக அலகின் அடிப்பாகத்தின் மூன்று முகங்களையும் நுண்ணளவு மானியை வைத்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு உரசி உரசிச் சரிசெய்கிறார்கள். ஒரு முகத்தில் கொஞ்சம் அதிகம் போனால் அந்த அலகு வீண். வில்லுக்குச் சரியான பதம் ஏற்ற வேண்டும், அதிகமானால் உடையும், குறைந்தால் தளரும். இரண்டு அலகுகள் ஒரே வில்லில் உட்கார்ந்தால், அவை ஒன்றையொன்று உரசாமல் இருக்க ஒவ்வொன்றையும் இம்மியளவு வளைக்க வேண்டும். போல்ஸ்டரில் அடித்த ஆணி கண்ணுக்கே தெரியாமல் கரைந்திருக்க வேண்டும்.

இந்தத் தரத்தை உயர்த்தியவர்களில் இந்தியானாவின் டோனி போஸ் முக்கியமானவர். பழைய ஷெஃபீல்டு, அமெரிக்கக் கத்திகளை ஊன்றிப் படித்து, அவற்றின் உருவத்தை மாற்றாமல் வேலைத்தரத்தை மட்டும் பல படி மேலே கொண்டுபோனார். கேஸ் நிறுவனம் அவர் வடிவமைப்பில் கத்திகளை வெளியிட்டது. அவர் 2020இல் காலமானார், மகன் ரீஸ் போஸ் தொடர்ந்து செய்கிறார். இந்த வட்டத்தில் ஒருவர் பெயருக்காகக் கத்தி வாங்குகிறார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். அந்தப் பெயர் எதனால் வந்தது என்பது கத்தியைக் கையில் எடுத்தால் புரியும்.

கைவினைஞரிடம் எப்படிச் சொல்லிச் செய்வது?

முதலில் அவர் ஏற்கெனவே செய்வதைப் பாருங்கள். அவருக்குப் பழகாத வடிவத்தைத் திணிக்காதீர்கள். வடிவம், மூடிய நீளம், அலகின் எஃகு, பிடிப் பொருள், பாதி நிறுத்தம் வேண்டுமா, வில் எவ்வளவு இறுக்கம், இவற்றை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் போகலாம், சரி, அது இந்தத் துறையின் இயல்பு. வேலை தொடங்கும் முன்பே முழுத்தொகையையும் கேட்பவரிடம் கவனமாக இருங்கள். நல்ல பெயர் உள்ள பலர் கத்தி முடிந்த பிறகே பணம் வாங்குகிறார்கள்.

சேகரிப்புக் கத்தியைப் புழங்கலாமா?

அறவே புழங்காத பழைய கத்தியை அப்படியே விடுங்கள். அந்த நிலையில் மிஞ்சியவை குறைவு, ஒருமுறை தீட்டினால் திரும்பாது. ஏற்கெனவே உழைத்த கத்தியைத் தாராளமாகப் புழங்கலாம். புழங்கும் கத்தியைக் கல்லில் கையால் தீட்டுங்கள், இயந்திரத்தில் வேண்டாம். ஸ்லிப்ஜாயின்ட்டைக் குத்தவோ நெம்பவோ பயன்படுத்தாதீர்கள், அலகு விரலில் மடங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில், பூட்டில்லாத, வெட்டு விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மிகாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துச் செல்லலாம். பூட்டு இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. வேறு நாடுகளில் நீளக் கணக்கும் பூட்டுக் கணக்கும் மாறும், வாங்கும் முன், குறிப்பாக வெளிநாட்டில் இருந்து வரவழைக்கும் முன் பாருங்கள். விமானத்தில் கைப்பையில் வேண்டாம்.

முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். சில கத்திகளின் விலை ஏறியிருக்கிறது, பலவற்றின் விலை அப்படியே நிற்கிறது. 'குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு' என்று பெட்டியோடு பெருமளவில் வெளியான நினைவுக் கத்திகளை எல்லோரும் பத்திரப்படுத்தியதால், அவை இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன.

வீட்டுப் பெரியவரின் பழைய கத்தி ஒன்று கிடைத்திருக்கிறது. என்ன செய்ய?

தீட்டாதீர்கள், தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இரண்டு பக்கமும், முத்திரையும் தெரியும்படி படம் எடுங்கள். அது யாருடையது, எந்த வேலைக்கு வைத்திருந்தார், எப்போது வாங்கினார் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துவிடுங்கள். அலகு பாதி தேய்ந்த, சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்காத கத்தியாகக்கூட இருக்கலாம். அதைச் சேகரிப்பின் முதல் இடத்தில் வையுங்கள். எழுதிய சீட்டு அதே பெட்டியில் இருக்கட்டும், ஆனால் கத்தியைத் தொடாத மாதிரி ஒரு உறையில் போட்டு வையுங்கள். காகிதம் ஈரத்தை இழுத்தால் ஒட்டிய இடத்தில் துரு பிடிக்கும்.